குர்லா: தனியார் பள்ளி மாணவர் போக்குவரத்து

மும்பை மாநகராட்சியின் 'எல்' வார்டைச் சேர்ந்த குர்லாவில், தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பயணச் செலவு பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான் விழுகிறது. மாநகராட்சிப் பள்ளி மாணவருக்கு பெஸ்ட் பஸ்ஸில் இலவச ஸ்மார்ட் கார்டு உண்டு; மற்றவர்கள் மாதப் பாஸுக்குப் பணம் கட்ட வேண்டும். பெஸ்ட்டின் குறைந்தபட்சக் கட்டணம் 2025 மே மாதத்தில் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்ந்தது.

மாட்டுங்கா, செம்பூர் பள்ளிகளைத் தேடிப் போவது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மாட்டுங்காவில் 1932-இல் தொடங்கப்பட்ட எஸ்.ஐ.இ.எஸ். (தென்னிந்தியக் கல்விச் சங்கம்) அவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். குர்லாவிலிருந்து பிரதான ரயில் தடத்தில் சயானை அடுத்து மாட்டுங்கா, ஹார்பர் தடத்தில் திலக் நகரை அடுத்து செம்பூர். தூரம் ஒன்றுமில்லை. ஆனால் காலை நெரிசலில் எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக ரயிலேற்றிவிட யாருக்கு மனம் வரும்? குறுகலான சந்துகளுக்குள் பள்ளி பஸ்ஸும் நுழையாது, பிள்ளையை எல்.பி.எஸ். மார்க் என்ற பிரதான சாலை வரை யாராவது கொண்டுவந்து விட வேண்டும். ஆகவே வேனும் ஆட்டோவும்தான் கைகொடுக்கின்றன. ஆட்டோவின் இரு பக்கமும் புத்தகப் பைகள் தொங்கும். உள்ளே நெருக்கியடித்துப் பிள்ளைகள்.

மகாராஷ்டிர அரசின் 2011-ஆம் ஆண்டுப் பள்ளி பஸ் விதிகள் ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் தலைமையில் ஒரு போக்குவரத்துக் குழு இருக்க வேண்டும் என்கின்றன. பாதுகாப்பு, பஸ் கட்டணம், நிறுத்தங்கள் எல்லாம் அதன் பொறுப்பு. விதிகள் வண்டியைக் கட்டுப்படுத்துகின்றனவே தவிர, கட்டணத்தில் பங்கேற்பதில்லை.

இதில் அதிகம் அடிபடுவது கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் ஏழைப் பிள்ளைகள். சேர்க்கைக் குலுக்கலில் ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு முதலிடம், அடுத்து மூன்று கிலோமீட்டர் வரை உள்ளோருக்கு. கல்விக் கட்டணம் இல்லை, சரி. வேன்காரர் மாதாமாதம் கேட்கும் பணத்துக்கு என்ன வழி? அமெரிக்காவில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் செலவையும் பெற்றோருக்குத் திருப்பித் தரலாம் என்று 1947-இல், நியூஜெர்சி மாநில வழக்கான எவர்சனில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. குர்லாவில் அப்படி ஒரு வழக்கத்துக்கு இடமில்லை.

செலவுச் சிக்கல் போதாதென்று, 2024 ஆகஸ்ட் 1 அன்று சயான் ரயில்வே மேம்பாலம் இடித்துக் கட்டுவதற்காக மூடப்பட்டது. எல்.பி.எஸ். மார்க்கிலிருந்து மாட்டுங்கா பக்கம் போகும் பள்ளி வண்டிகள் அதன்பின் சுற்றுவழியில் போக வேண்டியதாயிற்று.