தீக்குச்சிகளின் வேண்டுகோள்: ஒரு பழைய குறும்படத்தின் நிறையும் குறையும்

கரிசல் பூமியில் தீக்குச்சிக்குத் தனி வரலாறு உண்டு. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் வானத்தை நம்பி விளையும் கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரங்களில், மழை பொய்த்த ஆண்டுகளிலும் பல வீடுகளில் அடுப்பெரியச் செய்தது தீப்பெட்டி வேலையே. அந்தக் குச்சிக்கு உலகத் திரைப்பட வரலாற்றிலும் ஓர் இடம் இருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி. உயிரற்ற பொருள்கள் வெள்ளித்திரையில் அசையத் தொடங்கிய காலத்தில், முதலில் நடக்கக் கற்றுக்கொண்டவற்றுள் ஒன்று தீக்குச்சி.

இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் 1874-இல் பிறந்த ஆர்தர் மெல்போர்ன்-கூப்பர், ஓர் ஒளிப்படக் கலைஞரின் மகன். அவர் எடுத்த மிகச் சிறிய படமொன்று 'தீக்குச்சிகள்: ஒரு வேண்டுகோள்' என்னும் பெயரால் அறியப்படுகிறது. கரிய பின்புலம், அதன் முன் தீக்குச்சிகளால் ஆன சிறு மனித உருவங்கள். அவை சுவரில் வெள்ளை எழுத்துகளால் ஒரு வேண்டுகோளை எழுதுகின்றன. பிரையன்ட் அண்ட் மே என்னும் தீப்பெட்டி நிறுவனத்துக்கு ஒரு கினி அனுப்பினால், படைப்பிரிவு ஒன்றின் வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தீப்பெட்டி வீதம், கொடுத்தவர் பெயரோடு போர்முனைக்குச் சென்று சேரும் என்பதே செய்தி. அவ்வளவுதான் படம்.

இதன் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. போயர் போர் தொடங்கிய 1899-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பர் ஒரு சாரார். முதல் உலகப் போர் மூண்ட 1914-ஆம் ஆண்டுக்கு உரியது என்பர் மறு சாரார். முன்னது உண்மையாயின், பொருள்களை அசைத்துப் படமாக்கும் கலையில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று இது. பின்னது உண்மையாயின், பிரெஞ்சுக் கலைஞர் எமில் கோல் 1908-இல் எடுத்த தீக்குச்சிப் படத்துக்குப் பின்வந்ததாகும். காலத்தைப் பற்றிய வழக்கு எப்படி முடியினும், படத்தின் தன்மையை அது மாற்றிவிடாது.

அதன் நிறைகளை முதலில் நோக்கலாம். முதல் நிறை சிக்கனம். நடிகர் இல்லை, அரங்கப் பொருள் இல்லை. ஒரு பெட்டிக் குச்சியும் ஒரு கரிய பலகையும் போதுமாயின. சொற்சுருக்கத்தின் அருமை அறிந்த கவிஞர்கள் இதன் பெருமையை எளிதில் உணர்வர். இரண்டாவது, பொருளும் வடிவமும் ஒன்றாயிருத்தல். தீக்குச்சியைக் கேட்பவர் யாரோ அல்லர். தீக்குச்சியே எழுந்து நின்று தன்னை அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறது. மூன்றாவது, பொறுமை. அக்காலப் படக்கருவியில் நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் ஓடும். குச்சியை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி மற்றொரு படம் என நூற்றுக்கணக்கான முறை கை உள்ளே சென்று வெளியே வந்தால்தான் ஒரு சிறு காட்சி பிறக்கும்.

குறைகளும் உண்டு. உருவங்கள் அனைத்தும் எழுத்துக்கு ஏவல் செய்கின்றன. எழுத்து முடிந்ததும் அவற்றுக்கு வேலை இல்லை. ஒரு குச்சிக்கும் மற்றொன்றுக்கும் குணவேறுபாடு இல்லை. பார்ப்பவர் வாசித்து முடித்துவிட்டால் இரண்டாம் முறை காண்பதற்குக் காரணம் குறைவு. தீக்குச்சியையே பொருளாகக் கொண்ட படத்தில் தீ என்னும் அற்புதத்துக்கு இடமில்லாமற் போனதும் ஒரு குறையே.

ஆயினும் பெருங்குறை வேறு. அது படத்துக்குள் இருப்பதன்று. படம் மறைத்ததில் இருப்பது. கிழக்கு லண்டனில் உள்ள பிரையன்ட் அண்ட் மே ஆலையில் 1888-ஆம் ஆண்டு ஜூலையில் ஏறத்தாழ 1400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தனர். குறைந்த கூலி, சிறு பிழைக்கும் அபராதம், தாடை எலும்பை அரிக்கும் வெண்பாஸ்பரஸ் ஆகியவை அவர்களது துயரங்கள். அவர்களுக்காக எழுதி நாட்டின் கவனத்தை ஈர்த்தவர், பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து 1933-இல் மறைந்த அன்னி பெசன்ட் அம்மையார். தாடை நோயுற்றவர்களைப் பற்றிய விவரத்தை அரசுக்குத் தெரிவிக்காததற்காக அதே நிறுவனம் 1898-இல் அபராதம் செலுத்த நேர்ந்தது. போர்வீரனுக்காக இரங்கிய குச்சி, தன்னைச் செய்த பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

இந்தியாவிலும் தீக்குச்சி திரையேறியது. 1913-இல் 'ராஜா அரிச்சந்திரா'வை எடுத்த தாதாசாகேப் பால்கே, உலகப் போரினால் பணமும் படச்சுருளும் அருகிய காலத்தில், 1915-இல் 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' என்னும் குறும்படத்தை உருவாக்கினார். 'தீக்குச்சிகளின் களியாட்டம்' என்பது அந்த மராத்தியப் பெயரின் பொருள். எமில் கோலின் படமே இதற்குத் தூண்டுதல் என்பர். இதன் பிரதி இன்று கிடைப்பதில்லை. ஆதலின் நிறைகுறை ஆய்வதற்கில்லை. எனினும் பெயரே ஒரு செய்தியைச் சொல்கிறது. கூப்பரின் குச்சிகள் இரந்து நின்றன. பால்கேயின் குச்சிகள் களித்து ஆடின.

அந்நாளில் இந்தியச் சந்தையை நிறைத்தவை சுவீடன், ஜப்பான் நாடுகளின் தீப்பெட்டிகளே. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய பின்னர்தான் வறண்ட தென்பாண்டிச் சீமையில் இத்தொழில் வேரூன்றிக் கோவில்பட்டி வரை பரவியது. நச்சு வெண்பாஸ்பரஸ் இந்தியாவில் 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டுவிட்டதால், லண்டன் பெண்களின் தாடை நோய் இங்கு வரவில்லை. ஆனால் வேறொன்று வந்தது. சட்டத்தில் குச்சி குச்சியாக அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், குச்சி அடைப்பதும் பெண்களின் விரல்களை மட்டுமன்றிப் பிள்ளைகளின் விரல்களையும் நாடின. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதைத் தடை செய்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தடையை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

இங்கே ஓர் ஒப்புமை நோக்கத்தக்கது. திரையில் குச்சி தானே நடப்பதாகத் தோன்ற வேண்டுமாயின், நகர்த்தும் கை எந்தப் படத்திலும் விழக் கூடாது. கடையில் வாங்கும் தீப்பெட்டியும் அப்படியே. தலைகள் ஒரே பக்கம் பார்க்க வரிசையாய்க் கிடக்கும் குச்சிகளில் அடுக்கிய விரலின் தடம் தெரிவதில்லை. அசைவுப் படக்கலையின் வெற்றி எதுவோ, அதுவே கூப்பரின் படத்துடைய மௌனமாகவும் ஆகிவிட்டது.

அந்தக் கையைத் திரைக்குள் கொண்டுவந்தவை பின்வந்த வேறு வகைப் படங்கள். சலம் பென்னூர்கர் இயக்கிய ஆவணப்படம் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' 1990-இல் வெளிவந்தது. கோவில்பட்டி வட்டாரத்தவரும் 2014-ஆம் ஆண்டு 'அஞ்ஞாடி' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவருமான பூமணி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக 'கருவேலம் பூக்கள்' என்னும் படத்தை இயக்கினார். தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பிள்ளைகளே அதன் பொருள். நூறாண்டுக்கு முந்தைய குறும்படம் குச்சிக்கு உயிர் கொடுத்தது. கரிசல் எழுத்தாளர் எடுத்த படம் குச்சிக்குத் தம் உயிரைக் கொடுத்தவர்களைக் காட்டியது.

இதனால் பழைய படம் சிறுமைப்பட்டுவிடாது. ஒரு நிமிட அளவில், ஒரு பெட்டிக் குச்சியில், முன்னோடி எவரையும் பெரிதாக நம்பியிராத காலத்தில் செய்த வேலை அது. அதன் திறத்தை வியப்பதும், அதன் மௌனத்தைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. தீயைப் பாடிய பாரதி பிறந்த எட்டயபுரத்துக்கு அருகிலேயே இவ்வளவு குச்சிகள் பிறந்திருக்கின்றன. இயந்திரங்கள் பெருகிவிட்ட இன்று கையால் அடுக்கும் வேலை அருகிவருகிறது. அந்த விரல்களின் வரலாறு முழுமையாக எழுதப்பட இன்னும் இடமிருக்கிறது. அதை எழுத வேண்டிய கைகள் இந்த மண்ணைச் சேர்ந்தவை.