கிணறும் போரும்: சேலம், நாமக்கல் மண்ணின் நீர்க்கணக்கு

மேட்டூர் வாய்க்கால் பாசனத்தையும் காவிரிக் கரையையும் விட்டால், சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளி, மஞ்சள், தென்னை, கறவை மாடு, கோழிப்பண்ணை எல்லாமே பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பியவை. அந்த நீரை எடுக்கும் வழிகள் இரண்டு: திறந்த கிணறு, ‘போர்’ எனப்படும் ஆழ்துளைக் கிணறு.

திறந்த கிணறு, பாறைக்கு மேலே சிதைந்து கிடக்கும் அடுக்கில் தேங்கும் நீரை எடுக்கிறது. பருவமழை அதை மீண்டும் நிரப்பும். எட்டிப் பார்த்து, இருக்கும் நீருக்கு ஏற்பப் பயிர் வைக்கலாம். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் அதன் உழைப்பே எடுப்புக்கு வரம்பாக இருந்தது. போரோ நைஸ், சார்னோகைட் பாறைகளின் வெடிப்பில் நிற்கும் நீரைத் தேடுகிறது. ஆழம் கூடக் கூட வெடிப்புகள் பொதுவாகக் குறையும். அங்கே மழைநீர் போய்ச் சேர நாளாகும். இருப்பு கண்ணுக்குத் தெரியாது.

செலவும் வேறு. நல்ல கிணற்றை ஒருமுறை வெட்டினால், தூர் வாரியே தலைமுறைகள் பயன்படுத்தலாம். போருக்கு அடிக்கணக்கில் கூலி. புழுதி மட்டுமே வந்தாலும் கடன் நிற்கும். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் என்பதால் இறைப்புச் செலவு கையைக் கடிப்பதில்லை. ஆனால் மட்டம் இறங்க இறங்க அதே நீருக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். அதை அரசு சுமக்கிறது. அருகிலுள்ள கிணறு வற்றினால் அந்த நட்டம் யார் கணக்கிலும் ஏறாது. ஏனென்றால் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்தடி நீரை எடுப்பது நில உரிமையாளரின் உரிமை.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் துளையிடுகின்றன. அந்தத் திறமை பல குடும்பங்களை வாழவைக்கிறது. ஆனால் உள்நாட்டு உற்பத்திக் கணக்கு துளையிட்ட கூலியையும் விற்ற மோட்டாரையும் வருமானமாகச் சேர்க்கிறது. குறைந்த நீரைக் கழிப்பதில்லை. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட அதிக நிலத்தடி நீரை எடுக்கும் நாட்டுக்கு இது சிறிய பிழையல்ல.

போர் வேண்டாம் என்பதல்ல என் வாதம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது போன்ற ஆண்டுகளில் தென்னையையும் குடிநீரையும் காக்க ஆழத்து நீர் தேவை. கிணற்று நீர் ஆண்டு வருமானம். ஆழத்து நீர் ஆபத்துக்கால வைப்பு நிதி. வைப்பை நல்ல மழை ஆண்டிலும் செலவழித்தால், பஞ்சத்தில் கை வெறுமையாகும். ஆகவே ஏரிகளைத் தூர் வாரி, சொட்டுநீர்ப் பாசனத்தைப் பரப்பி, மேலடுக்கை நிரப்புவதற்கே பொதுப்பணம் முதலில் போக வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் எத்தனை தோட்டங்களைக் காக்க முடிகிறதோ, அதுவே நிலத்தடி நீரின் உண்மையான மதிப்பு.