கடலடிக் கணக்கு

திண்டுக்கல் சமவெளியில் பிறந்தவனுக்குக் கடலைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் குளம். கோடையில் அது வற்றினால் வயிறு அப்படியே வெளியே தெரிந்துவிடும். மண் எவ்வளவு மேவியிருக்கிறது, மடை தூர்ந்திருக்கிறதா என்பதைக் கரையில் நின்றே சொல்லிவிடலாம். கடல் வற்றுவதில்லையே! அதன் அடி சௌக்கியமா என்று எப்படிப் பார்ப்பது?

எங்கள் ஊரில் ரயிலேறித் தெற்கே போனால் தூத்துக்குடி. அங்கே இதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தார்கள். மன்னார் வளைகுடாவின் அடியில், மணலுக்கு நடுவே கிடக்கும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அவற்றில்தான். முத்துச் சலாபம் நடத்துமுன் சர்க்கார் படகுகள் பாரின் மேல் நங்கூரம் பாய்ச்சும். முத்துக் குளிப்பவர்கள் கல்லின் பாரத்தோடு இறங்கி, ஒரு மூச்சுக்குள் கையில் அகப்பட்ட சிப்பிகளை அள்ளி வருவார்கள். ஒரு முழுக்குக்கு இத்தனை சிப்பி, அவற்றில் முத்தின் விலை இத்தனை என்று மதிப்பிட்ட பிறகே சலாபம் உண்டா இல்லையா என்று முடிவாகும்.

கணக்கு நல்ல கணக்குத்தான். கடல்தான் அதற்கு அடங்கவில்லை. 1902-ல் இலங்கைச் சர்க்கார் எதிர்க்கரைப் பார்களைச் சோதிக்க ஹெர்ட்மன் என்ற லிவர்பூல் பேராசிரியரை வரவழைத்தது. உடன் வந்த ஜேம்ஸ் ஹார்னல் பின்னாளில் சென்னை மாகாண மீன் துறைக்கே தலைவரானார். அந்த மார்ச்சில் பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் ஏராளமாக மண்டிக் கிடந்தன. நவம்பரில் பார்த்தால் ஒன்றையும் காணோம்! தென்மேற்குப் பருவக்காற்றின் வேகம் அவற்றை அடித்துப் போயிருக்கும், அல்லது மணலில் புதைத்திருக்கும் என்று தீர்மானித்தார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் பாரின் சுகதுக்கத்தை விசாரித்தார்கள். கஜானாவோ எவ்வளவு எடுக்கலாம் என்று மட்டுமே கேட்டது. 1905-ல் இலங்கையில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். மறு ஆண்டு பார்கள் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்குப் போயின. 1907-க்குப் பிறகு அங்கே பல ஆண்டுகள் சலாபமே இல்லை. தூத்துக்குடியிலும் 1961-ல் நடந்ததுதான் கடைசிச் சலாபம்.

சிப்பி போனபின் பவளப் பாறைக்கு வந்தது ஆபத்து. சுண்ணாம்புக்காக அதை வெட்டி வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை குறைந்ததும், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு சிறு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986-ல் அந்தத் தீவுக் கூட்டம் தேசியப் பூங்காவாயிற்று. இப்போதும் ஆட்கள் மூழ்குகிறார்கள், முதுகில் காற்றுக் குப்பியோடு. பாறை மேல் அளவு நாடாவை விரித்து, அதன் கீழ் உயிருள்ள பவளம் எவ்வளவு, செத்தது எவ்வளவு, மணல் எவ்வளவு என்று எழுதி வருகிறார்கள். 2016-ல் கடல் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்து மடிந்ததும் இந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது. எடுப்பதற்காக அல்ல, இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஒரு கணக்கு!

எங்கள் பக்கத்தில் குளத்து மீனை ஏலம் விடுவார்கள். ஏல நாளில் மட்டும் ஊரே கரையில் கூடும். மற்ற நாளில் மடையை எட்டிப் பார்க்கிற கிழவர் ஒருவராவது இருக்கிற ஊரில்தான் அடுத்த ஏலமும் நடக்கும்.