பேரமும் நிர்ணய விலையும்: மோட்டார் வண்டி வாணிகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருளின் விலையைத் துணிவதற்கு இரு வழிகள் உள. ஒன்று, விற்போனும் வாங்குவோனும் சொல்லாடி இணங்கும் பேரம். மற்றையது, விற்போன் முன்னரே குறித்து யாவர்க்கும் பொதுவாக வைக்கும் நிர்ணய விலை. பண்டைக்காலந் தொட்டு உலகெங்கணும் பெருவழக்காயிருந்தது பேரமே. ஏனைய பண்டங்கள் பலவற்றில் அது மறைந்த பின்னரும், ஐக்கிய அமெரிக்காவின் மோட்டார் வண்டி வாணிகத்தில் நிலைத்து நின்றமைக்குக் காரணம் யாது? அதனால் இழப்புற்றோர் யாவர்? இவ்வினாக்களை வரலாற்று முறையில் ஆராய்தல் பயனுடைத்து.

நிர்ணய விலையின் தோற்றத்தை முதற்கண் நோக்குவாம். 17 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே தோன்றிய குவேக்கர் என்னும் சமயக் குழுவினர், மனத்துள் ஒரு விலையை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்று கூறுதல் பொய்ம்மை எனக் கருதினர். ஆதலின் ஒரே விலை கூறி விற்றனர். 1673 இல் யப்பானின் எடோ நகரில், அஃதாவது இன்றைய தோக்கியோவில், மிற்சுயி தகதோசி தொடங்கிய எச்சிகோயா என்னும் துணிக்கடை, கடனின்றி ரொக்கத்துக்குக் குறித்த விலையிலேயே விற்கும் முறையைக் கைக்கொண்டது. 19 ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துப் பூசிக்கோவின் ‘பொன் மார்சே’யும், பிலடெல்பியாவில் யோன் வனமேக்கரின் கடையும் இம்முறையைப் பரவச் செய்தன. இதற்கு அறவுணர்ச்சியோடு நிருவாகத் தேவையும் காரணமாயிற்று. சிறு கடையில் முதலாளியே பேரம் பேசலாம். ஊழியர் பலர் பணிபுரியும் பேரங்காடியிலோ விலை துணியும் உரிமையை ஒவ்வொருவர்க்கும் அளித்தல் இயலாது. ஆகவே விலைச்சீட்டுப் பொருளின் மீது ஏறியது.

மோட்டார் வண்டிக்கும் விலைப்பட்டியல் தொடக்கத்திலேயே இருந்தது. ஹென்றி போர்டின் ‘ரி’ மாதிரி வண்டி 1908 இல் 850 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. உற்பத்தி பெருகப் பெருக விலை குறைந்து, 1925 அளவில் அதன் மிக மலிந்த வகை 260 டொலருக்குக் கிடைத்தது. ஆயின், 1920களில் புதுவண்டி வாங்க வந்தோருட் பலர் முன்னரே பழைய வண்டியொன்றை உடையராயிருந்தனர். அதனைக் கொடுத்துப் புதியதைப் பெற விழைந்தனர். பழைய வண்டிகள் ஒன்றையொன்று ஒவ்வாதவை. ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிடல் வேண்டும். குதிரைச் சந்தையின் வழக்கம் இவ்வாறு மோட்டார்க் கடையினுள்ளும் இடம்பெற்றது. மேலும், வண்டிகளை விற்றோர் உற்பத்தியாளரின் ஊழியரல்லர். சொந்த முதலீட்டில் வாணிகஞ் செய்த முகவர் ஆவர்.

இரண்டாம் உலகப் போரின் பின் இம்முறையின் கேடு வெளிப்பட்டது. முகவர் சிலர் புதுவண்டியின் விலையை முதலில் உயர்த்திக் கூறிப் பின்னர்ப் பழைய வண்டிக்குப் பெருந்தொகை தருவதாக வாங்குவோனை மகிழ்வித்தனர். உண்மை விலையை அறியாதவன், தனக்குக் கிடைத்த சலுகை தன் பணமே என்பதை உணரான். இதனைத் தடுக்க ஒக்லகோமா மாநிலச் செனற்றர் மைக் மன்றோனி முயன்றதன் பயனாக 1958 இல் ஒரு சட்டம் நிறைவேறியது. உற்பத்தியாளர் முன்மொழியும் விலை, மேலதிக உறுப்புகளின் விலை, போக்குவரத்துக் கூலி ஆகியவற்றைக் காட்டும் சீட்டுப் புதுவண்டி ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒட்டப்படல் வேண்டும் என அது விதித்தது. அச்சீட்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எனினும், சட்டம் விலையை அறிவிக்கச் செய்ததேயன்றி அதனை நிலைநிறுத்தவில்லை. சீட்டிலுள்ள தொகை பேரத்தின் முடிவாகாது, அதன் தொடக்கமாயிற்று.

பேரத்தை ஆதரிப்போர் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. திறமையும் பொறுமையும் உடையவன் குறைந்த விலைக்குப் பெறலாம். வறியவனுக்கு விற்போன் விட்டுக்கொடுக்கலாம் என்பர் அவர். இக்கூற்றைச் சோதிக்க முற்பட்டவர் சட்ட அறிஞர் இயன் அயர்ஸ். ஒரே வகையாகப் பேரம் பேசப் பயிற்றப்பட்ட ஆண்களையும் பெண்களையும் அவர் சிக்காகோ நகர்ப்புற முகவரிடம் அனுப்பினார். 1991 இல் வெளியான முடிவுகளின்படி, வெள்ளையின ஆண்களிடம் பெற முயன்ற இலாபத்திலும் 40 வீதம் கூடுதலான இலாபம் வெள்ளையினப் பெண்களிடம் கோரப்பட்டது. கறுப்பின ஆண்களிடம் அது இரு மடங்குக்கு மேலாகவும், கறுப்பினப் பெண்களிடம் மும்மடங்குக்கு மேலாகவும் இருந்தது. பீற்றர் சீகல்மனுடன் இணைந்து அவர் 1995 இல் வெளியிட்ட விரிந்த ஆய்வும் கறுப்பினத்தார்க்குக் கூடிய விலை கூறப்பட்டதை உறுதிசெய்தது. சொல்லும் நடையும் ஒன்றாயிருக்கவும் விலை வேறுபட்டமையால், விலையைத் துணிந்தது வாங்குவோரின் திறமையன்று. அவர்தம் தோற்றத்தைக் கண்டு விற்போன் கொண்ட எண்ணமே என்பது தெளிவு.

பேரத்தை அகற்றும் முயற்சிகளும் நிகழ்ந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1990 இல் விற்பனைக்குக் கொணர்ந்த ‘சற்றேண்’ வண்டிகள் பேரமின்றி விற்கப்பட்டன. தாய் நிறுவனம் 2009 இல் முறிவுற்றதன் பின் 2010 இல் அப்பெயர் மறைந்தது. முகவரின்றித் தானே விற்கும் தெஸ்லா நிறுவனமும் விலையை வெளிப்படையாக அறிவிக்கின்றது. ஆயின் 2023 இல் அவ்விலையைப் பலமுறை மாற்றியது. இதனால் ஓர் உண்மை புலப்படும். நிர்ணய விலை மாறாவிலையன்று. மலிவிலை என்பதற்கும் உறுதியில்லை. விலை எதுவாயினும், அதே நாளில் அதே கடைக்கு வரும் யாவர்க்கும் அது ஒன்றாயிருத்தலே அதன் இலக்கணம்.

குவேக்கர் வாய்மையின் பொருட்டும், பேரங்காடியார் வசதியின் பொருட்டும் கைக்கொண்ட இவ்வழக்கம், பிற்காலத்தில் சமத்துவத்தின் ஒரு கருவியாயிற்று. வாங்குவோனின் நிறத்தையும் பாலையும் நோக்காது விலை கூறும் கடையிலே, எளியவனும் தலைநிமிர்ந்து நுழையலாம்.