மரத்தின் மேல் ஒரு வழக்கு

அன்னாசிப்பழத்தின் வாசனையில் இருந்து ஆரம்பிக்கிறேன். கலிபோர்னியாவின் கால்டெக்கில் அந்த வாசனையைப் பிரித்து ஆராய்ந்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர். லாஸ் ஏஞ்சல்ஸில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் வந்தபோது, அன்னாசியை விட்டு ஊர்க்காற்றைப் பிடித்து ஆராய்ந்தார். வண்டிகளும் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோன் ஆகின்றன என்று 1952-ல் எழுதினார்.

அங்கேயே பணியாற்றிய இன்னொரு டச்சுக்காரர் ஃபிரிட்ஸ் வென்ட். கோடையில் காட்டு மலைகள்மேல் தெரியும் நீல மூட்டம், மரங்கள் விடும் ஆவியால் வருவது என்று 1960-ல் சொன்னார். அதற்கு முன்பே, 1957-ல், சோவியத் ஜார்ஜியாவில் கிவி சனாட்ஸே என்பவர் இலைகளில் இருந்து ஐசோப்ரீன் வெளிவருவதைக் கண்டிருந்தார். ஐசோப்ரீன் என்றதும் நமக்கு ரப்பர்தானே ஞாபகம் வரும்? அதே சரக்குதான். வெயிலும் சூடும் ஏற ஏற, சில ஜாதி மரங்கள் அதை அதிகமாக விடுகின்றன.

இதை அரசியல்வாதிகள் விடுவார்களா? 1980 தேர்தலில் ரொனால்ட் ரீகன், காற்று கெடுவதற்கு மரங்களும் பெரிய காரணம் என்று பேசப்போய், கலிபோர்னியாவில் ஒரு கல்லூரி மாணவர்கள், 'நான் இன்னொரு கொலை செய்வதற்குள் என்னை வெட்டிவிடுங்கள்' என்கிற மாதிரி மரத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள்! (நம் ஹாஸ்டல் பசங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.) சிரிப்பு இருக்கட்டும். உலகக் கணக்கில் மீத்தேன் நீங்கலான ஹைட்ரோகார்பனை மனிதரைவிடப் பல மடங்கு அதிகம் விடுவது செடிகொடிகள்தான். ரீகன் அதில் இருந்து எடுத்த முடிவுதான் கோணல்.

நான் வண்டிப் புகைக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறவன். இந்த வழக்கில் எதிர்க்கட்சி ஆள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? மரத்தின் ஆவி தனியாக நகரத்து ஓசோனை உண்டாக்காது. கூட நைட்ரஜன் ஆக்சைடு வேண்டும். நகரத்தில் அதைக் கொடுப்பது பெரும்பாலும் நம் எஞ்சின்களும் பாய்லர்களும்தான்.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது இன்னொரு ஜார்ஜியா, அமெரிக்காவில் இருப்பது. அதன் தலைநகர் அட்லாண்டாவில் ஏறக்குறைய பாதி மரநிழல். 1970-களில் இருந்து ஹைட்ரோகார்பனைக் குறைப்பதிலேயே குறியாக இருந்தும் ஓசோன் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த வில்லியம் சமைடிஸும் சகாக்களும் 1988-ல் விடையைச் சொன்னார்கள். வண்டிகளின் ஹைட்ரோகார்பனை எவ்வளவு குறைத்தாலும் மரங்களுடையது மிச்சம் இருக்கும். ஆகவே நைட்ரஜன் ஆக்சைடைக் குறையுங்கள் என்றார்கள். 1991-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அறிக்கையும் அதன் பக்கமே சாய்ந்தது. அட்லாண்டாக்காரர்கள் கோடாலி எடுக்காமல் போனது எனக்கு ரொம்பத் திருப்தி.

நம் சங்கம் மரக்கன்று நடப்போவதாகக் கேள்விப்பட்டேன். பட்டியலில் தைல மரமும் இருக்கிறதாம். ஐசோப்ரீனைத் தாராளமாக விடும் ஜாதி அது. சாலை ஓரத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி. இருக்கிற பழைய மரங்களில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதும்தான். இன்னொன்று, ரீயூனியன் அன்று நம்மை ஏற்றிவரும் பஸ்கள் மரத்தடியில் எஞ்சினை அணைக்காமலே நிற்கும். டிரைவர்களிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.