வினவும் நாற்காலியில் நாம்

நேர்முகத் தேர்வு என்றதும் விடை சொல்லும் நாற்காலியையே எண்ணிப் பழகிவிட்டோம். நம்மில் கற்றோர் பெருகிய இந்நாளில் வினவும் நாற்காலியும் நம்மை அழைக்கின்றது. அதன் வரலாற்றை அறிந்து அமர்தல் நன்று.

பூதப்பாண்டி திருவிதாங்கூர் அரசுக்குட்பட்டிருந்த காலத்தில் சர்க்கார் உத்தியோகம் பெரிதும் உயர்சாதியார் வசமே இருந்தது. ஈழவரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் 1932-இல் நிவர்த்தனக் கிளர்ச்சி தொடங்கிய பின்னரே, 1936 ஜூன் 14-இல் அரசுப் பணி ஆணையம் அங்கே தோன்றிற்று. அவ்வாண்டு நவம்பர் 12-இல் கோயிற் கதவு நமக்குத் திறந்தது. அலுவலகக் கதவோ அத்துணை எளிதில் திறக்கவில்லை.

தமிழகத்தில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதனைக் கூறு கூறாகப் பிரித்து வழங்காமல் மொத்தமாக இட்டது தவறு என்று, பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-இல் கூறியது.

இத்தீர்ப்பை நான் படித்திருந்தும், முதன்முறை ஒரு தேர்வுக் குழுவில் அமர்ந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. உடனிருந்தவர் ஒரு பையனிடம், "தம்பிக்கு ஊரில் எந்தத் தெரு?" என்றார். நாஞ்சில் நாட்டில் அவ்வினாவின் பொருளை யார்தாம் அறியார்? பையன் தலைகுனிந்தான். நானும் வாய் திறக்கவில்லை. அவ்வெட்கம் இன்றும் என்னிடம் உண்டு. அடுத்தவர் வருமுன் தாளில் கோடிட்டு, பாட அறிவு, விளக்கும் திறன், அனுபவம் எனப் பிரித்து, அனைவர்க்கும் பொதுவான வினாக்களை எழுதி மேசை நடுவே வைத்தேன். தெரு பற்றிய வினா பின்னர் எழவில்லை. அந்தப் பையனை மீண்டும் அழைக்குமாறு வேண்டினேன். குழுத் தலைவர் இசையவில்லை.