மெழுகு பூத்த மரம்



பனையின் விசிறியோலையைக் கண்டு பழகிய நமக்குக் கர்னாவுபா மரம் முற்றிலும் அந்நியமானதன்று. பனையின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம், பிரேசில் நாட்டின் வடகிழக்கிலுள்ள சியாரா, பியாவி முதலிய மாநிலங்களில், ஆற்றோரங்களிலே தோப்புத் தோப்பாக வளர்கின்றது. அந்நிலத்திலே ஆண்டின் பெரும்பகுதி மழையில்லை. சில ஆண்டுகளில் மாரியும் பொய்த்துவிடும்.

மரங்களின் இலைகள்மீது மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. இலையின் நுண்டுளைகள் மூடியிருக்கும் வேளையிலும் மேற்றோல் வழியே நீர் கசிந்து போகாதவாறு அது காக்கின்றது. இப்படலம் மரத்துக்கு மரம் வேறுபடும். கர்னாவுபாவிலோ, வெட்டிய ஓலையைக் காயவைத்து அடித்தால் பொடியாக உதிருமளவுக்குத் திரண்டிருக்கும். ஒரே மரத்திலும் விரியாத குருத்தின் மெழுகு வெளிர்மஞ்சள் நிறமானது. முதிர்ந்த ஓலையின் மெழுகு கருமை தட்டியது. சென்ரிகிரேட் 80 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே அது உருகுமாதலால், கொடிய வெயிலும் அக்கவசத்தைக் குலைப்பதில்லை.

1811 ஆம் ஆண்டில் வில்லியம் தோமஸ் பிராண்டே என்னும் இரசாயன அறிஞர், பிரேசிலிலிருந்து வந்த தாவர மெழுகொன்றை ஆராய்ந்து இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டிலே கட்டுரை வெளியிட்டார். பின்னர் இம்மெழுகு மெழுகுதிரிக்கும், சப்பாத்துப் பூச்சுக்கும், இசைத்தட்டுக்குங்கூடப் பயன்படலாயிற்று. 1935 இல் மெழுகுப் பூச்சு உற்பத்தியாளரான ஹேர்பட் ஜோன்சன், இம்மரங்களைத் தேடி அமெரிக்காவிலிருந்து விமானமேறிப் பிரேசில் சென்றார்.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1877 முதல் 1879 வரை சியாராவை வாட்டிய பெருவறட்சியில், பசியாலும் அம்மை நோயாலும் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். வறட்சியைத் தாங்கும் மரம் நின்ற மண்ணிலே, அதனைத் தாங்கும் வழியற்ற மனிதர் வீழ்ந்தனர். இன்றும் வறண்ட மாதங்களில், நீண்ட கழியிலே அரிவாளைப் பூட்டி, கொளுத்தும் வெயிலில் ஏழைத் தொழிலாளர் ஓலை அறுக்கின்றனர். அவர்களுட் சிலரை அடிமைநிலைக்கு ஒப்பான வாழ்விலிருந்து பிரேசில் அரசின் தொழில் அதிகாரிகள் அண்மைக் காலத்தில் மீட்டிருக்கின்றனர்.

குருத்தை விட்டு ஓலையை மட்டும் அறுத்தால் மரம் மீண்டுந் தழைக்கும். மரத்துக்கு வேண்டியதை விட்டுவைக்க அறிந்த மனிதர், அதனை அறுக்குங் கைகளுக்கு வேண்டியதை விட்டுவைக்க மறந்தனர். மரம் தன்னைக் காக்கச் சுரந்த மெழுகு உலகின் மேசைகளுக்கு மெருகேற்றிற்று. அதை உதிர்த்துக் கொடுத்தவனுக்கோ நிழலும் அரிதாயிற்று.